கந்தூரிக் கருவாடு

நிஃப்லா கை தூக்கியதால்தான் பிரதேச சபைக்கு ஆங்கிலம் வந்தது. அவள் தூக்காமல் இருந்திருந்தால் பிரேரணை சரிக்குச் சரி நின்று விழுந்திருக்கும். இதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

அதற்கு முந்திச் சபை எந்த மொழியில் நடந்தது என்று கேட்டால், சண்டையில் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சிங்கள உறுப்பினர்கள் சிங்களத்தில் பேசுவார்கள். தமிழ் பேசுகிறவர்கள் பாதியை விளங்கிக்கொண்டு மீதிக்குத் தலையாட்டுவார்கள். கூட்ட அறிக்கை சிங்களத்தில் வரும். அதன் தமிழ்ப் பிரதி அடுத்த கூட்டத்துக்கு முன் கிடைத்தால் அது அதிசயம். மொழிபெயர்ப்பாளர் பதவி ஆளில்லாமல் கிடந்தது. அந்தக் கதிரையில் யாரோ ஒருவருடைய சோற்றுப் பார்சல்தான் தினமும் உட்கார்ந்திருந்தது. சட்டத்தில் இரண்டு மொழி இருக்கிறது, சபையில் ஒன்றுதான் இருக்கிறது என்று கனகசுந்தரம் மாஸ்டர் கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி நின்று சொல்வார். அவர் உடப்பு என்ற தமிழ்க் கிராமத்தில் பிறந்து கற்பிட்டிப் பக்கம் கலியாணம் கட்டி வந்தவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிய குரல் ஓய்வு பெற்ற பிறகும் குறையவில்லை.

ஒரு நாள் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் கதை முற்றியது. ஒருவர் மேசையில் அடித்தார், இருவர் வெளியே போனார்கள். கடைசியில் தவிசாளர் ஒரு வழி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கட்டும். பேச்சும் ஆங்கிலம், அறிக்கையும் ஆங்கிலம். அது உங்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை, ஆகவே பொது. மாஸ்டருக்கு வந்த கோபத்தில் மூக்குக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கிவிட்டது. இரண்டு பூனை அப்பத்துக்குச் சண்டை பிடித்தால் பங்கு பிரிக்கக் குரங்கையா கூப்பிடுவது என்று கேட்டார். பிரேரணை நிறைவேறியது. அன்றோடு அவர் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வந்துகொண்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும், ரோசம் ஒரு பக்கம், பிரயோசனம் ஒரு பக்கம்.

நிஃப்லா பெண்களுக்கான பட்டியலில் வந்த உறுப்பினர். மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில்தான் அவளுக்கு ஆசனம். அவள் பேச எழும்பினால் மற்றவர்கள் அந்த நேரத்தில் ஃபோன் பார்ப்பார்கள். சபைக்கு வருமுன் கற்பிட்டியில் டியூஷன் வகுப்பு வைத்து ஆங்கிலம் படிப்பித்தவள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் என்று நினைத்துத்தான் கை தூக்கினாள். ஆனால் நியாயத்துக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். ஆங்கிலம் வந்தால் எல்லாரும் தன் வாயைப் பார்ப்பார்கள் என்ற ஆசையும் அந்தக் கையில் இருந்தது. பார்க்கத்தான் செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் அவளை முன் வரிசைக்குக் கூப்பிட்டார்கள். யாருக்காவது சொல் தட்டுப்பட்டால் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோது அவளுடைய மாமி ரபியா கருவாடு போட வந்த கட்டா மீனொன்றை முதுகுப் பக்கமாகக் கீறிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"அப்ப எங்கட ஆக்கள் சபைக்குப் போனா என்னத்துல கதைக்கிற?"

"நான் இரிக்கன்தானே மாமி. நீங்க சொல்லுறத நான் அப்படியே எடுத்துச் சொல்லுவன்."

"அது சரி," என்றாள் ரபியா. மீனின் குடலை வழித்து வாளியில் போட்டாள். அவளுக்கு மருமகள்மேல் நம்பிக்கை இருந்தது.

ரபியா கருவாடு போடும் வாடி, கடலுக்கும் தாழம்புதருக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மணல். விடிந்ததும் வள்ளங்கள் வரும். இருபது பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மீன் கீறுவார்கள், உப்புப் போடுவார்கள், பீப்பாய்க்குள் அடுக்குவார்கள். முந்தின நாள் அடுக்கியதைக் கடல் தண்ணீரில் அலசி ஓலைப் பாயில் பரப்புவார்கள். பிறகு வெயிலோடு சேர்ந்து மீனையும் புரட்ட வேண்டும். காகத்துக்கு ஒரு கண், மழை இருட்டுக்கு ஒரு கண். சும்மா தூறினாலும் இருபது பேரும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவார்கள். கை உப்பில் வெடித்து, வெடித்த இடத்தில் உப்புப் பட்டு எரியும். வீட்டுக்குப் போனால் தேசிக்காய்த் தோலைத் தேய்த்துக் கழுவுவார்கள். வாசம் பாதிதான் போகும். அந்தப் பாதியோடுதான் பிள்ளைகளைக் கட்டிப் பிடிப்பார்கள், தொழுவார்கள், கலியாண வீட்டுக்குப் போவார்கள்.

அவர்கள் எல்லாரும் தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து இறங்கியவர்கள், அல்லது அவர்களுடைய மகள்மார். முப்பத்தைந்து வருஷமாகியும் அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு ஊரில் பெயர் முகாம்தான். அப்போது இந்தக் கரை ஹயாத்து முகம்மது சம்மாட்டியுடையது. வலையும் வள்ளமும் வைத்திருந்த மனிதர். கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ரபியாவும் இன்னும் சில பெண்களும் மீன் கீற இடம் கேட்டு அவரிடம் போனார்கள். அவர் அவர்களைப் பள்ளிவாசல் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினார். சும்மா தந்தால் நாளைக்கு என் பிள்ளைகள் உங்களைப் பிச்சை வாங்கியவர்கள் என்பார்கள், ஆகவே கூலி தாருங்கள் என்றார். காசு வேண்டாம். பள்ளிக்குப் பக்கத்துச் சியாரத்தில் அடங்கியிருக்கும் அவுலியாவின் பெயரில் வருஷா வருஷம் ஊருக்குக் கந்தூரிச் சோறு கொடுக்கிறோம். அந்தக் கறிக்கு வேண்டிய கருவாடு முழுக்க உங்கள் வாடியிலிருந்து வர வேண்டும். வருகிறவரைக்கும் இடம் உங்களுடையது.

அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை. மீன் படாத வருஷம்கூடத் தவறவில்லை. இருப்பதிலே நல்ல கட்டாவாகப் பார்த்து, ஈ மொய்க்காமல் தனியாகக் காய வைத்து, ஓலைப் பெட்டியில் அடுக்கிப் பெண்கள் தலையில் சுமந்து கொண்டுபோவார்கள். வாடியின் பங்கு வந்து சேர்ந்தது என்று பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் ரபியா அன்று பச்சைத் தண்ணீர் குடிப்பாள். அவர்களுக்குக் காணி உறுதியும் அதுதான், ரசீதும் அதுதான்.

இந்தக் கந்தூரிதான் வீட்டிலும் பிரச்சினை. ரபியாவின் மகன் நௌஃபர், நிஃப்லாவின் கணவன், கற்பிட்டி பஜாரில் ஃபோன் கடை வைத்திருந்தான். சில வருஷமாக அவன் சேர்ந்திருந்த கூட்டம் கந்தூரி, சியாரம் எல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று சொல்கிற கூட்டம். அவன் கெட்டவன் இல்லை. கடை திறக்குமுன் உம்மாவுக்கு உப்பு மூட்டை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவான். ஆனால் கந்தூரி நாளில் வீட்டில் நிற்க மாட்டான், மதுரங்குளியில் கூட்டாளி வீட்டுக்குப் போய்விடுவான். அவுலியாவுக்குக் கருவாடு கொடுப்பது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைப்பது என்று அவன் சொல்வான். அவுலியா எங்கடா தின்றார், ஊர்தானே தின்னுது என்று உம்மா சொல்வாள். நிஃப்லா சின்ன வயதில் கந்தூரிச் சோற்றுக்கு வரிசையில் நின்றவள்தான். கத்தரிக்காய் போட்ட அந்தக் கருவாட்டுக் கறியின் ருசி அவளுக்கு இன்னும் நாக்கில் இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. படித்தவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் அவளுக்கும் மெல்ல மெல்ல வந்திருந்தது.

சோளகக் காற்று ஓய்ந்து மீன்பாடு தொடங்கிய நேரத்தில் ஹயாத்து முகம்மதுவின் பேரன் அர்கம் டோஹாவிலிருந்து வந்து இறங்கினான். சம்மாட்டி மௌத்தாகி வெகு காலம். பேரனுக்குக் கடலில் மீன் தெரியவில்லை, காற்றுத்தான் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருகிறார்களே, அவர்களுக்கு அந்த மணலில் தங்குமிடம் கட்டப் போவதாகச் சொன்னான். கருவாட்டு நாற்றம் இருந்தால் யார் வந்து தங்குவான்? வேலி போடவும் கட்டவும் சபையில் அனுமதி கேட்டான். வாடிப் பெண்கள் ஆட்சேபம் என்றார்கள். சபை இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பதாக முடிவாயிற்று.

விஷயம் ஒரு முடிச்சில்தான் இருந்தது, அது ஊருக்கே தெரியும். சம்மாட்டி பாவம் பார்த்து விட்ட இடம் என்றால் பேரன் நினைத்த நேரம் எழும்பச் சொல்லலாம். பதிலுக்கு ஏதாவது கொடுத்து வந்த இடம் என்றால் சபை அனுமதியை நிறுத்திவைத்துப் பள்ளி நிர்வாகத்தையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ரபியா ஒரு கிழமையாக மீனைக் கீறிக்கொண்டே அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பாய் புரட்டும்போது சொன்னாள், உப்புப் போடும்போது சொன்னாள். மற்றப் பெண்கள் இடையில் திருத்தினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் நௌஃபர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து நிஃப்லாவிடம் சொன்னான்.

"நாளைக்கு நாங்களும் நாலஞ்சு பேர் வாறம். உம்மா கந்தூரிக் கதைய எடுப்பா. அத நீ சபையில இங்கிலீசுல சொன்னா என்ட ஆக்களுக்கு முன்னால நான் எப்படி இரிக்கிற?"

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அவளுக்கும் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தது.

சபையில் ரபியா கறுப்பு அபாயா போட்டுக்கொண்டு வந்தாள். கையைத் தேசிக்காயால் தோல் உரியத் தேய்த்திருந்தாள். மற்றப் பெண்கள் வாசலில் நின்றார்கள். நௌஃபரும் அவனுடைய கூட்டாளிகளும் பார்வையாளர் வாங்கில் இருந்தார்கள். அர்கம் முதலில் பேசினான். மணிமணியான ஆங்கிலம். தன் பாட்டனார் இரக்கமுள்ள மனிதர், வீடில்லாமல் வந்தவர்களைப் பார்த்து மனம் இளகி இடம் விட்டார், அந்த இரக்கத்துக்கு ஒரு முடிவு உண்டுதானே என்றான். யாருக்கும் கோபம் வராத மாதிரிச் சொன்னான்.

பிறகு ரபியா எழும்பினாள். நேரே தவிசாளரைப் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க அகதியா வந்தது உண்ம. ஆனா அந்த மணல்ல நாங்க சும்மா இரிக்கல்ல. சம்மாட்டி பள்ளி முத்தத்துல வெச்சுக் கேட்ட கூலிய நாங்க குடுத்துக்கொண்டு வாறம். வருசா வருசம் கந்தூரிக்கு எங்கட கருவாடு போகுது. பள்ளி ஸ்பீக்கர்ல சொல்லுறாங்க, ஊரே கேக்குது. என்ட மனிசன் மௌத்தாகி நான் இத்தாவுல வீட்டுக்குள்ள இருந்த வருசமும் போச்சு. பாவம் பாத்துத் தந்த இடமில்ல அது."

அங்கேயிருந்த தமிழ் பேசும் உறுப்பினர்கள் எல்லாரும் இதைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள். ஆனால் தமிழில் சொன்னது காற்றோடு போகும். ஆங்கிலத்தில் சொல்வதுதான் சபையில் நிற்கும். அது நிஃப்லா கை தூக்கிக் கொண்டுவந்த சட்டம். அவள் எழும்பினாள். வாங்கில் நௌஃபர் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டாள். அவனுடைய கூட்டாளிகள் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அவள் நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள். இந்தப் பெண்கள் இடம்பெயர்ந்து வந்தவர்கள், மிகவும் ஏழைகள், முப்பத்தைந்து வருஷமாக அந்த மணலில் உழைத்து வாழ்கிறார்கள், இடம் தந்த பெரியவருக்கு இன்றைக்கும் மிகுந்த நன்றியோடு இருக்கிறார்கள். சபை இரங்க வேண்டும். வசனங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. கந்தூரி வரவில்லை, கூலி வரவில்லை. தமிழ் பேசும் உறுப்பினர்களில் அவளைத் தொடர்ந்து பிடிக்கக்கூடிய ஆங்கிலம் யாருக்கும் இல்லை. படித்த பிள்ளை, எல்லாம் சொல்லியிருப்பாள் என்று அவர்கள் இருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த அர்கம் மட்டும் ஒரு தரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

தவிசாளருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நல்ல மனிதர். அவர் விடவில்லை. பதிலுக்கு இவர்கள் ஏதாவது கொடுத்து வந்தார்களா, அதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார்.

ரபியாவிடம் திரும்பிக் கேட்க வேண்டும். கேட்டால் மாமி திரும்பவும் கந்தூரி என்பாள். நிஃப்லா திரும்பவில்லை. ஊரின் பொதுக் காரியங்களுக்கு இவர்கள் எப்போதும் உதவியாக இருந்திருக்கிறார்கள் என்று தானே பதில் சொன்னாள்.

"என்னவாம் கேக்காரு?" என்று ரபியா அவள் கையைத் தொட்டாள்.

"ஒண்டுமில்ல மாமி. எல்லாம் விளங்கிட்டாம்."

அனுமதி கிடைத்தது. இரக்கம் கேட்டதால் இரக்கமும் கிடைத்தது. மீன்பாடு முடியும்வரை பெண்கள் இருக்கலாம், சோளகம் தொடங்குமுன் மணலைக் காலி செய்ய வேண்டும். அர்கம் வெளியே வந்து ரபியாவுக்கு ஸலாம் சொன்னான். நிஃப்லாவிடம் உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்றான். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று அவளுக்கு இருந்தது.

அன்று நௌஃபர் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தான். நீ செய்ததுதான் சரி, இடத்துக்கு வேறு வழி பார்க்கலாம் என்றான். என்ன வழி என்று அவள் கேட்டாள். அவன் பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை. உம்மா இருந்த அறையின் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து களவெடுத்துவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நிஃப்லாவுக்குத் தோன்றியது. அவனாவது நம்பியதற்காகச் செய்தான். தான் எதற்காகச் செய்தோம்? ஷிர்க் என்று உண்மையில் நினைத்தாளா? இல்லை. வெட்கப்பட்டாள். முன் வரிசையில் நின்று, நல்ல ஆங்கிலத்துக்கு நடுவில் கருவாட்டையும் கந்தூரியையும் கொண்டுவர வெட்கப்பட்டாள். அதுதான் உண்மை.

ரபியா யாரையாவது திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ரபியா திட்டவில்லை. வாடியில் பெண்களை உட்கார வைத்து, பிழை என்னுடையதுதான் என்று சொன்னாள். மருமகள் சரியாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் வடிவாகச் சொல்லத் தெரியவில்லை, அந்தத் தவிசாளர் மனதில் படும்படி பேச வரவில்லை, வேறு யாரையாவது அனுப்பியிருக்க வேண்டும், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். பெண்கள் அவளைத் தேற்றினார்கள். ஒருத்தி அழுதாள். நிஃப்லா அப்போது தேநீர்க் கேத்தலோடு பக்கத்தில் நின்றாள். கோப்பைகளில் ஊற்றினாள், கொடுத்தாள், திரும்பி வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு ஒரு கிழமை அவள் வாடிப் பக்கம் வரவில்லை. சபையில் வேலை என்று சொன்னாள்.

கந்தூரி நெருங்கியது. இந்த வருஷமும் பங்கு கொடுப்பதா என்று பெண்கள் கேட்டார்கள். இடத்தையே பிடுங்கிக்கொண்ட பிறகு எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். ரபியா கொடுக்கத்தான் வேண்டும் என்றாள். நாங்கள் நிறுத்தினால் அர்கம் சொன்னது உண்மை என்று ஆகிவிடும், போகிற நாள்வரைக்கும் கூலி கொடுத்துவிட்டுத்தான் போவோம் என்றாள். இதை நிஃப்லாவுக்குச் சொன்னது நௌஃபர். சொல்லிவிட்டு, அந்த வருஷம் அவன் மதுரங்குளிக்குப் போவதைப் பற்றிப் பேசவில்லை. மாமியின் இந்த முடிவைக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் அவள் மறுநாள் வெயில் ஏறுமுன் வாடிக்குப் போனாள்.

ரபியா தனியாகக் குந்தியிருந்து கந்தூரிக்குக் கட்டா பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முள்ளோரம் சிவந்திருந்ததைத் தள்ளி வைத்தாள். நிஃப்லா அவளுக்கு முன்னால் மணலில் இருந்தாள். சுற்றி வளைக்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தவளுக்கு ஒன்றும் வரவில்லை.

"மாமி, நீங்க சபையில வடிவாத்தான் சொன்னீங்க. நான்தான் சொல்லல்ல. கந்தூரியையும் கூலியையும் நான் விட்டுட்டன். தவிசாளர் அதத்தான் கேட்டாரு. நான் உங்ககிட்டக் கேக்காம வேற சொன்னன்."

ரபியாவின் கை நின்றது. அவள் மருமகளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த மீனைத்தான் பார்த்தாள். தாழம்புதருக்கு அப்பால் யாரோ வேலிக் கட்டைகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குப் பதிலா நீ என்ன சொன்னாய்?"

"நீங்க எல்லாரும் நன்றியோட இரிக்கிற எண்டு."

"நன்றி எண்டு," என்றாள் ரபியா. மீனைப் பாயில் வைத்தாள். "முப்பத்தஞ்சு வருசம் கூலி குடுத்தவளுக்குப் பிச்சைக்காரி பேர் வாங்கித் தந்திட்டாய் மகள்."

நிஃப்லா அழுதாள். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமி என்று சொன்னாள். திரும்பவும் சொன்னாள். நான் அந்த மொழிக்குக் கை தூக்கியிருக்கக் கூடாது, உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றெல்லாம் சொன்னாள். ரபியா அவளைத் தேற்றவில்லை, ஏசவும் இல்லை. அழுகை ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூலி குடுத்தது எனக்குத் தெரியும். அத எனக்கே வந்து ஏன் சொல்றாய்?" என்றாள் பிறகு. "அடுத்த கூட்டம் எப்ப?"

"செவ்வாய்க்கிழம."

"நௌஃபரும் வருவானா? அவன்ட ஆக்களும்?"

"வருவாங்க மாமி."

"நல்லம். அவங்களும் கேக்கட்டும்."

நீங்களும் வருவீர்களா என்று நிஃப்லா கேட்டாள். பக்கத்தில் மாமி இருந்தால் தைரியமாக இருக்கும் என்றாள். ரபியா அடுத்த மீனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நான் வரல்ல," என்றாள். "நான் சொல்லிட்டன்."